தொழிற்சாலை மருத்துவ அறையிலிருந்து மீண்டும் வார்டுக்கு: இடைவெளிக்குப் பின் திரும்பும் செவிலியருக்கான செய்முறை

பள்ளி, தொழிற்சாலை, காப்பீட்டு நிறுவனம், மெடிக்கல் கோடிங் அலுவலகம் எனப் படுக்கை நோயாளிகள் இல்லாத இடங்களில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, மறுபடியும் மருத்துவமனை வார்டுக்குத் திரும்ப நினைக்கும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏழு ஆண்டுகள் ஓர் ஆலையின் மருத்துவ அறையில் பணியாற்றினேன். ஐநூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கு 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்திருந்த அறை அது. வெட்டுக்காயத்துக்குக் கட்டு, தலைவலிக்கு மாத்திரை, கண்ணில் விழுந்த இரும்புத் துகளுக்கு முதலுதவி என்று வந்தவர்கள் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். வார்டில் யாரும் அப்படிப் போவதில்லை; நாம் வேறு ஐந்து பேரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவது நோயாளியின் உடல்நிலை மாறிக்கொண்டிருக்கும். அந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளும் பழக்கம்தான் இடைவெளியில் முதலில் மங்குகிறது. ஊசி போடும் கை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை.

படி 1: தாள்களைச் சரிபார்த்தல்

விண்ணப்பிக்கும் முன்பே மாநில செவிலியர் கவுன்சிலில் உங்கள் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அதற்கு அந்த ஐந்தாண்டுகளில் 150 மணி நேரத் தொடர் கல்வியை இந்திய செவிலியர் கவுன்சில் எதிர்பார்க்கிறது. வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர்கள், அந்தக் கவுன்சிலின் தடையில்லாச் சான்றைப் பெற்று இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு நாளாகும் என்பதால் இதையே முதல் வேலையாக வையுங்கள்.

அடுத்து, மூச்சும் நாடியும் நின்றவரைக் காக்கும் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) பயிற்சி. அமெரிக்க இதயச் சங்கத்தின் சான்று இரண்டு ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். பழைய அட்டை கையில் இருந்தாலும் புதிதாக ஒருமுறை செய்துவிடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், குறைந்தது 5 செ.மீ. ஆழம், 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது நிமிட முடிவில் தோள் எப்படித் தளர்கிறது என்பது பொம்மையின் மேல் கை வைத்தால்தான் புரியும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிந்திருந்தால், எதிர்ப்பொருள் அளவையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

படி 2: எங்கே திரும்புவது

தீவிர சிகிச்சைப் பிரிவில் காலியிடம் இருக்கிறது, சம்பளமும் கொஞ்சம் கூடுதல் என்று சொல்வார்கள். முன்பு ஐ.சி.யூ.வில் நீண்ட காலம் இருந்தவர்களைத் தவிர மற்றவர்கள் பொது மருத்துவ வார்டில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. நேர்முகத்தில் மூன்று கேள்விகளை நீங்களே கேளுங்கள்: இரவு டியூட்டியில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், தனியாகப் பொறுப்பேற்கும் முன் எத்தனை நாள் இன்னொருவருடன் சேர்ந்து பணி, எந்தெந்தத் திறன்களை யார் பார்த்துக் கையெழுத்திடுவார். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வரும் மருத்துவமனையில் தைரியமாகச் சேரலாம். இடைவெளியை மறைக்க வேண்டாம். ஏழு ஆண்டுகள் டாக்டர் பக்கத்தில் இல்லாமல், யாரை உடனே ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்று தனியாக முடிவெடுத்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது, எதிரில் இருந்த நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

படி 3: கணக்கும் மருந்தும்

சேர்வதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் கால் மணி நேரம் பேப்பரும் பேனாவுமாக உட்காருங்கள். 500 மி.லி. சலைன் எட்டு மணி நேரத்தில் போக வேண்டும், ஐ.வி. செட் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு வரும். ஒரு மி.லி.க்கு 60 சொட்டு விழும் மைக்ரோ செட்டில், மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. மருந்து நீரை அளந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் இருக்கும் இடத்திலும் இந்தக் கணக்கு வேண்டும், ஏனென்றால் பம்பில் தவறாகத் தட்டிய எண்ணைக் கண்டுபிடிப்பது மனத்தில் இருக்கும் சரியான எண்தான்.

இன்சுலினில் மட்டும் ஒரு முழு நாளைச் செலவிடுங்கள். நம் நாட்டில் ஒரு மி.லி.க்கு 40 யூனிட் உள்ள குப்பியும் 100 யூனிட் உள்ள குப்பியும் புழக்கத்தில் இருக்கின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே வருவது அரை மி.லி., அதாவது 50 யூனிட். குப்பியின் லேபிளையும் சிரிஞ்சையும் ஒன்றாகக் கையில் பிடித்து, இரண்டிலும் உள்ள எண்ணை வாய்விட்டுப் படித்த பிறகு இழுக்கும் பழக்கத்தை வீட்டிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்ப்யூலை ஒருபோதும் நேரடியாக நரம்பில் செலுத்தக் கூடாது. கலக்கும்போது பக்கத்தில் ஒருவர் நின்று சரிபார்க்கட்டும்.

படி 4: மூச்சை எண்ணுதல்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பிய இரண்டாவது வாரத்தில், காய்ச்சலுக்காகச் சேர்ந்திருந்த ஒரு பெரியவரின் கேஸ் ஷீட்டில் மூன்று ஷிஃப்டாகச் சுவாசம் 20 என்றே எழுதியிருந்தது. அவர் மகளுடன் பேசிக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு நான்கு சொல்லுக்கும் ஒருமுறை நிறுத்தினார். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, போர்வை உயர்ந்து தாழ்வதை ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 26.

இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய ‘நியூஸ் 2’ என்ற மதிப்பெண் முறை அப்போதுதான் எனக்குக் கைகொடுத்தது. சுவாசம், ஆக்சிஜன் செறிவு, ஆக்சிஜன் வைக்கப்பட்டிருக்கிறதா என்பது, மேல் ரத்த அழுத்தம், நாடி, நினைவு நிலை, வெப்பம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் அதில் மதிப்பெண் உண்டு. அவருக்குச் சுவாசம் 26 என்பதால் 3, நாடி 104 என்பதால் 1, வெப்பம் 101 டிகிரி என்பதால் 1. ரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் நன்றாகவே இருந்தன. கூட்டினால் 5. ஐந்து என்றால் டாக்டர் அவசரமாக வந்து பார்க்க வேண்டும். ஏழு என்றால் அது நெருக்கடி. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி, தொற்றின் அடையாளமாக, வெள்ளையாக இருந்தது. ‘நியூஸ் 2’ அட்டவணையை மனப்பாடம் செய்யுங்கள். சேர்வதற்கு முன் வீட்டில் தூங்குகிறவர்களின் மூச்சை எண்ணிப் பழகுங்கள்.

படி 5: டாக்டரிடம் சொல்வது

கண்டதைச் சொல்லத் தெரியாவிட்டால் கண்டும் பயனில்லை. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் ‘பேஷன்ட் கொஞ்சம் சரியில்லை டாக்டர்’ என்று தொடங்கினால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கையும் ‘எஸ்பார்’ என்ற வரிசைப்படி சொல்லுங்கள். ‘டாக்டர், பன்னிரண்டாம் படுக்கை, சுவாசம் 26, நியூஸ் மதிப்பெண் 5, நேற்று காய்ச்சலுக்காகச் சேர்ந்தவர், சர்க்கரை நோய் உண்டு, நெஞ்சில் சளித் தொற்றாக இருக்கலாம் என்று நினைக்கிறேன், பத்து நிமிடத்தில் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.’ அழைக்கும் முன் இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் தயக்கமாக இருந்தது. ஆலையில் கேட்க ஆளில்லாமல் நானே முடிவெடுத்துப் பழகியிருந்தேன்.

படி 6: முதல் மூன்று மாதங்கள்

டியூட்டிக்கு இருபது நிமிடம் முன்னால் போய் எமர்ஜென்சி டிராலியின் ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து பாருங்கள். வார்டுக்கு வார்டு அடுக்கும் முறை மாறும். வென்ஃப்ளான் (நரம்பில் பொருத்தும் சிறு குழாய்; அளவுக்கு ஒரு நிறம்) போடுவதற்கு மஞ்சளோ நீலமோ பச்சையோ எதை எடுப்பது என்று கை தயங்கினால், நல்ல நரம்புள்ள இளைஞர்களிடம் இன்சார்ஜ் சிஸ்டர் பார்க்க முதல் பத்தைப் போடுங்கள். வயதில் இளைய செவிலியர்கள் பம்பையும் கணினிப் பதிவையும் கற்றுத்தருவார்கள். அவர்களிடம் தயங்காமல் கேளுங்கள். கற்றுக்கொள்ள வேண்டிய திறன்களை ஒரு சிறு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பார்த்தவரின் கையெழுத்தையும் தேதியையும் வாங்குங்கள். கையெழுத்து இல்லாத ஒன்றை இரவு டியூட்டியில் தனியாகச் செய்யும்படி சொன்னால், அந்த நோட்டைத் திறந்து காட்டி, ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று கேளுங்கள்.