பூங்காவின் ஸ்பிளாஷ் பேடை நோய் பரவாமல் நடத்துவது எப்படி?

அமெரிக்க நகரப் பூங்காக்களில் கோடை தொடங்கியதும் குழந்தைகள் முதலில் ஓடிச் சேரும் இடம், ஸ்பிளாஷ் பேட் எனப்படும் நீர்த்தெளிப்புத் திடல்தான். அங்கே கணுக்கால் அளவுக்குக்கூட நீர் தேங்குவதில்லை என்பதால் மூழ்கும் அச்சம் குறைவு; பெரும்பாலான இடங்களில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. இந்த நிம்மதிதான் நடத்துபவர்களை அசட்டையாக்கிவிடுகிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 1997 முதல் 2022 வரை இத்திடல்களோடு தொடர்புடைய 60 நோய்ப்பரவல்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்.

முதலில் உங்கள் திடல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். குடிநீர்க் குழாயிலிருந்து வந்து, ஒருமுறை தெளித்தபின் கழிவுநீர்க் குழாய்க்குப் போய்விடும் வகையில் தண்ணீர்ச் செலவு அதிகம், நோய் அபாயம் குறைவு. மற்ற வகையில், குழந்தைகளின் உடல்மேல் பட்டு வழியும் நீர் வடிகால் வழியே நிலத்தடித் தொட்டிக்கு இறங்குகிறது. அங்கிருந்து பம்பு அதை வடிகட்டி, குளோரின் சேர்த்து, மறுபடியும் குழாய்முனைக்கு அனுப்புகிறது. இந்தத் தொட்டி நீச்சல் குளத்தைவிட மிகச் சிறியது. அதில் கழுவப்படும் உடல்களோ ஏராளம். வெயிலிலும், நீர் துளிகளாகச் சிதறும்போதும் குளோரின் வேகமாகக் குறைவதால், காலையில் சரியாக இருந்த அளவு நண்பகலில் போதாமல் போகும். ஆகவே சோதித்து, அளவைப் பதிவேட்டில் எழுதியபின்தான் திடலைத் திறக்க வேண்டும். 2021-இல் டெக்சஸின் ஆர்லிங்டன் நகரில் ஒரு பூங்காத் திடலில் விளையாடிய சிறு குழந்தை, மூக்கு வழியே மூளைக்குச் செல்லும் அமீபாவால் இறந்தது. தினசரி நீர்ச்சோதனை சில நாள்களில் விடுபட்டிருந்ததை அந்நகர நிர்வாகமே ஒப்புக்கொண்டது. பதிவேட்டின் வெற்றுக் கட்டத்தைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தையின் நினைவு வருகிறது.

காலையில் யாரும் வருமுன் பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சோதனைக் குப்பியில் குறியிட்ட கோடுவரை நீர் பிடியுங்கள். குளோரின் இருந்தால் நீரின் நிறத்தை மாற்றும் டி.பி.டி. மாத்திரையைக் கையால் தொடாமல் உறையிலிருந்தே குப்பிக்குள் தள்ளி, கரைந்ததும் எழும் இளஞ்சிவப்பு நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிடுங்கள். தனிக்குளோரின், அதாவது அழுக்கோடு சேர்ந்துவிடாமல் கிருமியைக் கொல்ல மிஞ்சியிருக்கும் குளோரின், குறைந்தது 1 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு) இருக்க வேண்டும், உள்ளூர்ச் சுகாதாரத் துறை அதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அந்த அளவையே கடைப்பிடியுங்கள். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.0 முதல் 7.8-க்குள் நிற்பது அவசியம், ஏனெனில் அது உயர உயரக் குளோரினின் கொல்லும் ஆற்றல் சுருங்குகிறது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் இளஞ்சிவப்பு ஒரு கணம் தோன்றி உடனே வெளுத்துவிடும். குளோரினே இல்லை என்று எண்ணி மேலும் ஊற்றுபவர்கள் உண்டு. ஐயம் எழுந்தால் மாதிரியில் பாதிக்குப் பாதி வாலைவடி நீர் சேர்த்து மறுபடி சோதித்து, கிடைக்கும் அளவை இரட்டியுங்கள். கூட்டமுள்ள நாளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

பி.எச்.-ஐக் குறைக்கச் சேர்க்கும் அமிலத்தையும் திரவக் குளோரினையும் ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். பம்பு நின்றிருக்கும்போது மருந்து செலுத்தும் கருவியும் தானாக நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் குழாயில் தேங்கிய மருந்து, பம்பு ஓடத் தொடங்கியதும் குழந்தைகளின் முகத்தில் அடிக்கும்.

குளோரின் சரியாக இருந்தும் தப்பிவிடும் கிருமி ஒன்று உண்டு. வயிற்றுப்போக்கால் பரவும் கிரிப்டோஸ்போரிடியம், முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடிருக்கும். 2005-இல் நியூயார்க் மாநிலத்தின் செனெகா ஏரிப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோரை நோயில் தள்ளியது இதுதான். ஆகவே, தொட்டி நீரே திரும்பத் திரும்பச் சுழலும் திடலுக்கு, இக்கிருமியைச் செயலிழக்கச் செய்யும் புற ஊதா விளக்கை நான் ஆடம்பரமாகக் கருதவில்லை. செலவைக் குறைக்க வேண்டுமானால் வண்ண வளைவுகளையும் நீர்வாளிகளையும் குறைத்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கு திடலில் விழுந்தால் உடனே நிறுத்தி அனைவரையும் வெளியேற்றி, 20 பி.பி.எம். குளோரினை 12.75 மணி நேரம் வைத்திருந்து, பிறகு வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவி அந்நீரைக் கழிவுக்கு விடுவதே நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்லும் முறை. பெற்றோர் முணுமுணுப்பார்கள், காரணத்தை எழுதி வாசலில் மாட்டுங்கள், பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

அறிவிப்புப் பலகையில் எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். வயிற்றுப்போக்குள்ள குழந்தையை அழைத்து வர வேண்டாம், நீரை விழுங்கவிட வேண்டாம், பீறிடும் முனைமேல் உட்காரவிட வேண்டாம் என்னும் மூன்றும் படத்தோடு இருந்தால் போதும். குழந்தைகள் முனைமேல் உட்காருவது வேடிக்கையாகத் தெரிந்தாலும், அப்போது உடலின் மலம் நேராகத் தொட்டிக்குக் கழுவப்படுகிறது. டயப்பர் மாற்றும் மேசையும் கழிப்பறையும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் அவற்றைக் கழுவிய நீர் திடலை நோக்கி ஓடிவரக் கூடாது. சுற்றியுள்ள புல்தரையும் வெளிப்புறமாகவே சரிந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒவ்வொரு மழையும் நாயின் எச்சத்தைத் தொட்டிக்குக் கொண்டு சேர்க்கும். கால் வழுக்கும் பாசியைத் தினமும் தூரிகையால் தேய்த்தெடுங்கள்.

பருவம் முடிந்ததும், உறைபனிக்கு முன் தொட்டியைக் காலிசெய்து, குழாய்களில் தங்கிய நீரை அழுத்தக் காற்றால் முழுவதும் வெளியேற்றுங்கள். எஞ்சிய நீர் உறைந்து விரிந்தால் தரைக்கடியில் குழாய் வெடிக்கும். முனைகளைக் கழற்றி எண்ணிட்டு வைத்தால், அடுத்த மே மாதத்தில் எது எந்த இடத்துக்குரியது என்று தேட வேண்டியிருக்காது.