பழைய காருக்கு ஒயில் சம்ப் காப்புத்தகடு: வாங்குவதும் அடிப்பதும் பூட்டுவதும்

எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் தொட்டிதான் ஒயில் சம்ப். அது வெடித்து ஒயில் கொட்டினால் எவருக்கும் தெரியும். நெளிந்தால் தெரியாது. பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் சம்பின் அடிப்பகுதி அழுத்தி எடுத்த மெல்லிய இரும்புத் தகடு. அதன் உட்புறத்தில், அடித்தளத்துக்குச் சில மில்லிமீற்றர் மேலே, ஒயில் பம்புக்கு உறிஞ்சிக் கொடுக்கும் வலைக்குழாய் நிற்கிறது. ஒழுங்கைக் கல்லில் சம்ப் தட்டி உள்ளே நெளிந்தால் அந்த இடைவெளி அடைபடும். ஒரு துளி ஒயிலும் கீழே விழாது. டிப் ஸ்டிக்கில் அளவு கொஞ்சம் கூடினது போலக்கூடத் தெரியும். ஆனால் எஞ்சினுக்குப் போகும் ஒயில் குறைந்துவிடும். அழுத்தம் மிகவும் தாழ்ந்த பிறகே ஒயில் லைட் எரிவதால், அதற்குள் பெயாரிங் தேயத் தொடங்கியிருக்கும். வார்ப்பு அலுமினிய சம்ப் நெளியாது, நேரே வெடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் அது மேல்: பிழை உடனே கண்ணுக்குத் தெரியும்.

இலங்கையில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரையே பேணி ஓடினார்கள். இன்றைய விலையில் இன்னும் பலருக்கு அதுதான் வழி. ஆகவே கொறோலா 110, 121, சணி பி15, லான்சர் போன்ற முன்சில்லு இழுவைக் கார்களை மனதில் வைத்தே கீழே உள்ளவை எழுதப்பட்டுள்ளன. மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பந்தி உண்டு.

முதலில் கீழே படுத்துப் பாருங்கள்

சம்பைக் கல்லடியிலிருந்து காக்க அதன் கீழே பூட்டுவதுதான் காப்புத்தகடு. அதை வாங்கமுன் காரை உயர்த்தி, அடியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைத் தேடுங்கள். கார் எங்கே தட்டுகிறது என்பதை அந்தக் கீறல்கள்தான் சொல்லும். முன் பம்பரின் அடியும் ரேடியேற்றருக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டமும் மட்டும் உரசியிருந்தால், பெரும்பாலும் கேற் வாசல் மதகிலோ, காப்பெற் போட்டுப் போட்டு உயர்ந்துபோன றோட்டிலிருந்து ஒழுங்கைக்கு இறங்கும் விளிம்பிலோ தட்டியிருக்கும். சம்பிலும் சைலன்சர் குழாயிலும் அடி இருந்தால் அது நடு ஒழுங்கையில் முளைத்து நிற்கும் சுண்ணாம்புக் கல்லின் வேலை. கிறவல் றோட்டில் இரண்டு சில்லுத் தடங்களுக்கும் நடுவே மேடு எழும்பியிருந்தாலும் இப்படித்தான் தட்டும்.

அடுத்தது உயரம். வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி, டிக்கியில் ஒரு மூட்டை அரிசியையும் வைத்து, சமதரையில் சம்பின் அடியிலிருந்து தரைக்கு அளவுங்கள். இந்த வகைக் கார்களில் வெறும் காருக்கு 14 முதல் 16 சென்ரிமீற்றர் இருப்பது வழமை. பாரம் ஏற்றியதும் அது மிகவும் தாழ்கிறதென்றால், தகட்டுக்கு வைத்த காசை முதலில் ஸ்பிறிங்குக்கும் ஷொக் அப்சோபருக்கும் போடுங்கள். படிந்துபோன ஸ்பிறிங்குக்குக் கீழே தகடு பூட்டினால், இருக்கிற உயரத்தில் இன்னும் மூன்று சென்ரிமீற்றரை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள்.

மூன்றாவது, ஒயில் ஒழுக்கு. பழைய எஞ்சினின் வால்வ் கவர், கிராங் சீல் கசிவு இப்போது தரையில் சொட்டிக் காட்டிக்கொடுக்கிறது. தகடு வந்தபின் அதெல்லாம் தகட்டில் தேங்கி, மண்ணோடு குழம்பிக் கிடக்கும். முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள்.

எந்த உலோகம், எவ்வளவு தடிப்பு

60க்கு 80 சென்ரிமீற்றர் அளவில் ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். 3 மில்லிமீற்றர் இரும்பென்றால் ஏறத்தாழ 11.3 கிலோ, 2 மில்லிமீற்றரென்றால் 7.5 கிலோ, 5 மில்லிமீற்றர் அலுமினியமென்றால் 6.5 கிலோ. வளையாமல் நிற்பதில் 5 மில்லிமீற்றர் அலுமினியம் 3 மில்லிமீற்றர் இரும்பை முந்தும். 4 மில்லிமீற்றர் அலுமினியம் சற்றுப் பின்தங்கும். ஆனால் கல்லில் உரசும்போது அலுமினியம் கடிபட்டு இழுபடும், இரும்பு வழுக்கும். வெல்டிங் கடையில் அடிப்பதானால் இரும்பே சுலபம், மலிவு, பிறகு நெளிந்தாலும் தட்டி எடுக்கலாம். பெரும்பாலான கார்களுக்கு, இரு பக்கமும் 25 மில்லிமீற்றர் மேல்நோக்கி மடித்த 2 மில்லிமீற்றர் இரும்புத் தகடும், சம்புக்கு நேர் கீழே குறுக்காக ஒட்டிய ஒரு பட்டை இரும்பும் போதும். மடிக்காத 3 மில்லிமீற்றர் தகட்டைவிட அது உறுதியாக நிற்கும். தடிப்பைக் கூட்டுவதற்கு முன் மடிப்பைக் கேளுங்கள்.

அலுமினியத்தில் மடிப்பதானால் கூரான மூலை வேண்டாம். உள்வளைவின் ஆரம் தகட்டின் தடிப்புக்குக் குறைந்தால் மடிப்பிலேயே வெடிக்கும். பூப்போட்ட அலுமினியத் தகட்டை விரும்புகிறவர்கள் பலர். போடலாம், ஆனால் பூ மேலே, மழமழப்பான பக்கம் கீழே. மறுவளமாகப் பூட்டினால் கல் பூவில் பிடித்து இழுக்கும்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கமோ இணையத்திலோ ஆயத்தத் தகடு வாங்குவதானால், மொடல் பெயரோடு நிற்காமல் ஏஇ110, என்இசட்இ121, எஃப்பி15 என்று சேசிஸ் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். "அண்டர் கவர்" என்று விற்கும் கறுப்புப் பிளாஸ்ரிக்கைக் காப்புத்தகடு என்று நம்ப வேண்டாம். அது காற்றை ரேடியேற்றர் வழி செலுத்தவும் சேறு தெறிக்காமல் தடுக்கவும் வந்தது. அதேவேளை அதைக் கழற்றி எறியவும் வேண்டாம். ரேடியேற்றரின் இரு பக்கமும் காற்றை மறிக்கும் துண்டுகளை வெட்டியாவது வைத்திருங்கள்.

அச்சு எடுத்தல்

குளிர்சாதனப்பெட்டி வந்த காட்போட் மட்டை ஒன்று போதும். காரை சரியான ஸ்ராண்டில் அல்லது கராஜில் வெட்டியிருக்கும் கிடங்கின் மேல் நிறுத்துங்கள். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை வைத்துக் கீழே போகவே கூடாது. அந்தக் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

மட்டையை முன் குறுக்குச் சட்டத்திலிருந்து, பின்னால் சஸ்பென்ஷன் கைகள் பூட்டியிருக்கும் தடித்த குறுக்குப் பீம் வரை வைத்து வெட்டுங்கள். சம்புக்கும் தகட்டுக்கும் இடையே 20 முதல் 25 மில்லிமீற்றர், சைலன்சர் குழாய்க்குக் குறைந்தது 30 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். எஞ்சின் றப்பர் மவுண்டில் ஆடுகிறது. பழைய மவுண்டென்றால் இன்னும் கூடுதலாக ஆடும். தகடு எஞ்சினையோ கியர் பொக்ஸையோ எந்த இடத்திலும் தொடக்கூடாது. அங்கே போல்ட் பூட்டுவது அதைவிடப் பெரிய பிழை: தகட்டில் விழும் அடி நேரே வார்ப்புக்குப் போகும். ஆடி அசையும் சஸ்பென்ஷன் கையிலும் பூட்டக்கூடாது.

பூட்டும் இடம்தான் முக்கியம்

தகடு கழன்று றோட்டில் இழுபடுவதற்குத் தடிப்புக் குறைவு காரணமாக இருப்பது அரிது. முன்பக்கம் பூட்டின இடம் பிய்ந்திருக்கும், அல்லது பின் போல்ட்டின் கழுத்து வெட்டுப்பட்டிருக்கும். கல்லில் ஏறும்போது தகடு பின்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைப் போல்ட் தாங்கக்கூடாது. குறுக்குப் பீம் தாங்க வேண்டும். ஆகவே தகட்டின் மேற்புறத்தில், பீமின் முன்முகத்தில் முட்டி நிற்கும்படி 40க்கு 40 அங்கிள் இரும்பில் 15 சென்ரிமீற்றர் நீளத் துண்டுகள் இரண்டை ஒட்டிவிடுங்கள். அதன்பின் போல்ட்டுக்குத் தகட்டைத் தூக்கிப் பிடிக்கும் வேலை மட்டும்தான். தகட்டின் பின் விளிம்பு பீமின் கீழ்முகத்தைத் தாண்டித் தொங்கி நின்றால் றிவேர்சில் கல்லில் கொளுவும். அதைச் சற்று மேல்நோக்கி வளைத்துவிடுங்கள்.

பின்னால் நான்கு, முன்னால் மூன்று அல்லது நான்கு எம் 8 போல்ட் போதும். தலையில் உறுதித் தரமான 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். இறுக்கம் 25 நியூட்டன் மீற்றர் அளவில். பிளாஸ்ரிக் கவருக்கென்று கொம்பனி விட்ட எம் 6 துளைகளும் கிளிப்புகளும் இந்தப் பாரத்துக்கு உதவாது. சஸ்பென்ஷன் கையைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் துளைக்கவும் வேண்டாம்.

முன்பக்கக் குறுக்குச் சட்டம் மெல்லிய தகட்டுப் பெட்டி. எங்கள் கடற்காற்றில் அதற்குத்தான் முதலில் துரு பிடிக்கும். ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் முதலில் சட்டத்தை மாற்றுங்கள். நல்ல சட்டமென்றால் 40க்கு 60 மில்லிமீற்றர் அளவில் 5 மில்லிமீற்றர் இரும்புத் துண்டுகளில் நட்டை ஒட்டி, பெட்டிக்கு உள்ளே செருகி, அதில் பூட்டுங்கள். பாரம் அகலமாகப் பரவும். கப்பலில் கட்டி அனுப்புவதற்கென்று ஜப்பான் கார்களின் முன் அடியில் கொளுக்கிகள் இருக்கும். அவை பூட்டியிருக்கும் இடமும் உறுதியான இடம். முன் துளைகளை 9க்கு 14 மில்லிமீற்றர் நீள்துளையாக வெட்டினால் கழற்றிப் பூட்டுவதும் சுலபம். வெல்டிங் எதையும் காரிலிருந்து கழற்றிச் செய்யுங்கள். காரில் வைத்தே ஒட்ட வேண்டி வந்தால் பற்றறியின் நெகற்றிவ் வயரைக் கழற்றுங்கள், பெற்றோல் குழாய் போகும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கல் அதை அராவிவிடும். பிறகு ஸ்பனர் பிடிக்காது, கிறைண்டர்தான் எடுக்க வேண்டும். தலையைச் சுற்றி, அதைவிடச் சற்று உயரமான ஓர் இரும்பு வளையம் ஒட்டுங்கள். குழாய்த் துண்டு வெட்டினாலே கிடைக்கும். சைலன்சருக்குப் பக்கத்தில் நைலோன் வைத்த நட் வேண்டாம், சூட்டில் இளகும். முழு உலோகப் பூட்டு நட் போடுங்கள். கடகடச் சத்தத்துக்குப் பழைய ரியூப் றப்பரை இடையில் வைப்பது நல்லதே, ஆனால் றப்பர் நசியும்போது போல்ட் தளரும். துளைக்குள் ஒரு குட்டி இரும்புக் குழாயை வைத்து, இறுக்கம் அதில் ஏறும்படி செய்யுங்கள். அலுமினியத் தகடென்றால் இரும்போடு தொடும் ஒவ்வோர் இடத்திலும் றப்பரும் கிறீசும் கட்டாயம். யாழ்ப்பாணத்தில் கடலைக் கடக்கும் பண்ணை, காரைநகர்ப் பாலங்களால் தினமும் போய்வரும் காரில், உப்பு ஈரம் பட்டு அந்த இடத்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகும்.

துளைகள்

ஒயில் திறக்கும் நட்டுக்கு நேரே 70 மில்லிமீற்றர் துளை விடுங்கள். ஒயில் நேரே கீழே விழாது, முதலில் பக்கவாட்டில் பாயும். எந்தப் பக்கம் பாய்கிறதென்று ஒருமுறை பார்த்துவிட்டு, துளையை அந்தப் பக்கத்துக்கு நீட்டுங்கள். ஒயில் பில்ற்றர் கீழே பார்த்திருந்தால் அதற்கும் ஒரு வழி. தாழ்ந்த மூலைகளில் தண்ணீர் வடிய 15 மில்லிமீற்றர் துளைகள் நான்கைந்து. காற்றுக்காக வெட்டும் பிளவுகளின் உதடு பின்னோக்கி இருக்க வேண்டும். முன்னோக்கி வைத்தால் மாரியில் ஒழுங்கை வெள்ளத்தை அள்ளி அள்ளி எஞ்சினுக்கு ஊற்றும்.

கிறைண்டர் பிசிறை அரத்தால் எடுத்து, சிங்க் பிறைமர் இரண்டு பூச்சு, மேலே கறுப்பு எனாமல். அடிப்பக்கப் பெயின்ற் எப்படியும் உரசிப் போகும், கவலைப்பட வேண்டாம். துரு தொடங்குவது ஈரமண் தங்கும் மேற்பக்கத்தில். பெயின்ரை அங்கே தாராளமாக அடியுங்கள்.

களிமண் சோதனை

முடிவாகப் பூட்டமுன், பொலித்தீனில் சுற்றிய பிசைந்த களிமண் உருண்டை ஒன்றைச் சம்பின் தாழ்ந்த இடத்துக்கு நேரே தகட்டில் வைத்துப் பூட்டுங்கள். வழக்கமான ஒழுங்கையில் வழக்கமான ஆட்களோடு ஓடிவிட்டு வந்து கழற்றி, நசிந்த மண்ணின் தடிப்பை அளவுங்கள். 10 மில்லிமீற்றருக்குக் குறைந்திருந்தால் தகடு வளைகிறது அல்லது எஞ்சின் மவுண்ட் போய்விட்டது. பட்டை இரும்பு ஒன்று கூட ஒட்டுங்கள், அல்லது மவுண்டை மாற்றுங்கள். 100 கிலோமீற்றர் ஓடியபின் எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். வெயிலில் ஏசி போட்டு நெரிசலில் நிற்கும்போது சூட்டு முள்ளையும் ஒரு கிழமை கவனியுங்கள். முன்பைவிட ஏறினால் காற்றுப் பிளவு போதாது.

மொறிஸ் மைனரில் எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறது. இரு பக்கமும் ஓடும் சேசிஸ் கால்களுக்கு இடையே தகட்டைக் குறுக்காகப் பூட்டுவது வசதி. முன்பக்கம் தாழ்ந்திருந்தால் தகடு பூட்டமுன், முன் ஸ்பிறிங்காக வேலை செய்யும் டோர்ஷன் பாரைச் சரிசெய்யுங்கள். மினி வைத்திருப்பவருக்குத் தகடு இன்னும் அவசியம்: அதில் கியர் பொக்ஸே சம்புக்குள் இருக்கிறது, வெடித்தால் இரண்டும் போகும்.

ஒவ்வோர் ஒயில் மாற்றத்துக்கும் தகட்டைக் கழற்றிக் கழுவுங்கள். வேப்பஞ்சருகும் காவோலைத் துண்டும் தகட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே சேரும். ஒயில் ஊறிய சருகு பற்றினால் கார் முழுதும் போகும். பலமாக ஒரு கல் அடித்த நாளில், வெளியே கீறல்தானே என்று விட வேண்டாம். தகட்டை இறக்கி, சம்பின் அடியில் நேரான மட்டக்கோல் ஒன்றை வைத்துப் பாருங்கள். கோலுக்கும் சம்புக்கும் இடையே முன்பில்லாத வெளிச்சம் தெரிந்தால், சம்பைக் கழற்றி வலைக்குழாயின் இடைவெளியைப் பார்க்காமல் எஞ்சினை ஸ்ராட் பண்ணக்கூடாது.