புதுசா டீம் கட்டுற வருஷத்துல சப்போட்டர்ஸ்கிட்ட எப்படிப் பேசுறது: காலேஜ் கோச்சுங்களுக்கு

கோலாலம்பூர்ல காலேஜ் டீமுக்கு கோச்சா இருக்குறவங்களுக்காக எழுதுறேன், என்னோடது ஃபுட்பால், ஆனா ஹாக்கியோ நெட்பாலோ கபடியோ எதுவா இருந்தாலும் முக்கால்வாசி பொருந்தும். நல்லா ஆடுன சீனியர் பசங்க எல்லாம் ஒரே செமஸ்டர்ல முடிச்சிட்டுப் போயிடுறாங்க, கையில இருக்குறது எஸ்.பி.எம் (அஞ்சாம் படிவப் பரீட்சை) எழுதிட்டு நேரா வந்த பசங்க, முதல் நாலஞ்சு மேட்ச் அடி வாங்கப் போறோம்னு உங்களுக்கு நல்லாவே தெரியும். ஆனா திடல் ஓரத்துல நிக்குற அங்கள்ங்க, பழைய மாணவர்ங்க, பெத்தவங்க, ஜெர்சிக்குக் காசு குடுத்த கடைக்காரர், இவங்களுக்கு அது தெரியாது. போன வருஷ டீம மனசுல வச்சிக்கிட்டுதான் வந்து நிப்பாங்க. அவங்ககிட்ட நீங்க என்ன சொல்றீங்க, எப்ப சொல்றீங்க, அதப் பொறுத்துதான் அந்தப் புதுப் பசங்க பயமில்லாம பந்த தொடுவாங்க, அதனாலதான் இந்த விஷயத்த நான் பயிற்சி அளவுக்கே முக்கியமா நினைக்கிறேன்.

முதல்ல நேரம். லீக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கூப்பிட்டுப் பேசிடுங்க. மூணு மேட்ச் தோத்ததுக்கு அப்புறம் கூட்டம் போட்டா நீங்க சொல்றது உண்மையா இருந்தாலும் சாக்கு மாதிரிதான் கேக்கும், அதே வார்த்தைய முதல் மேட்சுக்கு முன்னாடி சொன்னா அது திட்டம். சனிக்கிழமை சாயந்தரம் பயிற்சி முடிஞ்சதும் திடல்லயே வச்சிக்கலாம், ஆனா நம்ம ஊர்ல சாயந்தரம் இடி மழை எப்ப வரும்னு சொல்ல முடியாது, அதனால பக்கத்துல கூரை உள்ள இடம் ஒண்ணு பாத்து வைங்க. மாமாக் கடையில (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) வச்சா வசதிதான், ரொட்டி சானாய் தே தாரிக்னு எல்லாரும் இறுக்கமில்லாம உக்காருவாங்க, ஆனா பெரிய ஸ்கிரீன்ல இங்கிலீஷ் லீக் ஓடுற நேரமா இருந்தா உங்க பேச்ச யாரும் கேக்க மாட்டாங்க. அரை மணி நேரம் நீங்க பேசுங்க, மிச்ச நேரம் அவங்க கேக்கட்டும். பசங்கள்ல கேப்டன் மட்டும் போதும், மத்தவங்கள உக்கார வச்சிக்கிட்டு அவங்களப் பத்தியே பேசுறது நல்லா இருக்காது.

எந்த மொழியில பேசுறதுங்கறதும் யோசிக்க வேண்டிய விஷயம். கூட்டத்துல மலாய்க்கார, சீனப் பெத்தவங்களும் இருப்பாங்க, அதனால மலாய்ல ஆரம்பிங்க, அப்புறம் நம்ம அங்கள்ங்களுக்கு தமிழ்ல சொல்லுங்க. ரெண்டுலயும் ஒரே விஷயத்தச் சொல்லணும், அதுதான் முக்கியம். தமிழ்ல மட்டும் கூடுதலா ஏதாவது ரகசியம் மாதிரி சொன்னா அது மறுநாளே திடலோட அந்தப் பக்கம் போயிடும்.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. "மூணு வருஷம் பொறுங்க, டீம் ரெடியாயிடும்" அப்படின்னு தயவுசெஞ்சு சொல்லாதீங்க. கிளப் கோச் சொல்லலாம், நாம சொல்லக்கூடாது, ஏன்னா டிப்ளோமாவே ரெண்டரை மூணு வருஷம்தான், அதுலயும் கடைசி செமஸ்டர்ல இண்டர்ன்ஷிப்னு பையன் ஷா ஆலாமுக்கோ பினாங்குக்கோ போயிடுவான், அப்ப மூணு வருஷம் கழிச்சுன்னா இப்ப முன்னாடி நிக்குற ஒருத்தனும் இருக்க மாட்டான். அந்த வார்த்தை அவன் காதுல எப்படி விழும்னு யோசிச்சுப் பாருங்க, உனக்காக இல்ல, உனக்கு அப்புறம் வரப்போறவனுக்காகத்தான் இந்த டீம்னு கோச்சே சொல்ற மாதிரி ஆயிடும். காலேஜ்ல டீம் கட்டுற வேலை முடியுறதே இல்ல, வருஷா வருஷம் நடக்குது, அதனால செமஸ்டர் கணக்குலதான் பேசணும். இந்த செமஸ்டர்ல இது, அடுத்த செமஸ்டர்ல அது.

அமெரிக்காவுல காலேஜ் கோச்சுங்க ரசிகர்கள்கிட்ட பேசுறதே அவங்க வேலையில ஒரு பாதி. வாராவாரம் ரேடியோ நிகழ்ச்சி இருக்கும், சீசன் இல்லாத மாசத்துல ஊர் ஊராப் போயி பழைய மாணவர்களப் பாப்பாங்க. அங்க ஒரு பையன் நாலு சீசன் ஆடலாம், அதனால பொறுமையா இருங்கன்னு சொல்றதுக்கு அங்க ஒரு அர்த்தம் இருந்துச்சு. டியூக் யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீமுக்கு 1980ல மைக் ஷஷெவ்ஸ்கி கோச்சா வந்தாரு. முதல் வருஷம் 17 ஜெயிச்சு 13 தோல்வி, அடுத்தது 10க்கு 17, அதுக்கடுத்தது 11க்கு 17, அந்த மூணாவது சீசனோட கடைசி மேட்ச்ல வர்ஜினியாகிட்ட 109க்கு 66னு தோத்தாங்க. பழைய மாணவர்ங்க எல்லாம் அவரத் தூக்குங்கன்னு நின்னாங்க, ஸ்போர்ட்ஸ் டைரக்டர் டாம் பட்டர்ஸ் தூக்கல. அந்த 109 வாங்குன டீம்ல முதல் வருஷப் பசங்களா இருந்தவங்கதான் நாலாவது வருஷம், 1986ல, நேஷனல் ஃபைனல் வரைக்கும் போனாங்க. 1991ல முதல் கப், மொத்தம் 5 கப் எடுத்தாரு. ஸ்கோர மட்டும் பாத்தவங்களுக்கு 1983ல ஒண்ணுமே தெரியல, அந்த டீம்ல யாரு முதல் வருஷம்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

இப்ப அங்கயும் நிலைமை மாறிப்போச்சு, 2018ல டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற நினைக்கிற பசங்க பேரப் பதியுற பட்டியல்) வந்துச்சு, 2021லேர்ந்து காலேஜ் மாறுன வருஷமே ஆடலாம்னு ஆச்சு. கொலராடோ ஃபுட்பால் டீம் (அவங்க ஊர் ஃபுட்பால், கையில பிடிச்சிக்கிட்டு ஓடுறது) 2022ல 12 மேட்ச்ல ஒண்ணுதான் ஜெயிச்சது, டியோன் சாண்டர்ஸ் கோச்சா வந்த முதல் கூட்டத்துலயே இருந்த பசங்ககிட்ட நேரா சொல்லிட்டாரு, நான் என் ஆளுங்கள கூட்டிட்டு வரேன், நீங்க வேற இடம் பாத்துக்கலாம்னு, அது வீடியோவா ஊரே பாத்துச்சு. 2023ல 4 ஜெயிச்சு 8 தோல்வி, 2024ல 9 ஜெயிச்சு 4 தோல்வி. ரிசல்ட் வந்துச்சு, நான் மறுக்கல. ஆனா நம்ம காலேஜ்ல அந்தப் பேச்சு வேண்டாம், இங்க பையன் படிக்கத்தான் வந்திருக்கான், பி.டி.பி.டி.என்னு அரசாங்கப் படிப்புக் கடன் போட்டு வந்திருக்கான், வேற காலேஜுக்கு எங்க போவான்?

அப்ப என்னதான் சொல்றது? ஒரு தாள் போதும். யாரு போனாங்க, எதுக்குப் போனாங்க (படிப்பு முடிஞ்சது, இண்டர்ன்ஷிப், வேலை, அவ்வளவுதான்), எத்தன பேர் புதுசு, அதுல எத்தன பேர் முதல் வருஷம். அப்புறம் "இந்த செமஸ்டர்ல இந்த மூணு விஷயத்தப் பாருங்க" அப்படின்னு மூணே மூணு எழுதுங்க, அதுவும் திடல் ஓரத்துல நிக்குறவங்க கண்ணால பாத்து எண்ணக்கூடியதா இருக்கணும். உதாரணத்துக்கு, பந்து போனதுக்கப்புறம் அஞ்சு செகண்டுக்குள்ள திரும்பப் புடுங்குறாங்களா. கோல் கீப்பர் கண்ண மூடிக்கிட்டு தூக்கி அடிக்காம பக்கத்துல நிக்குற டிஃபெண்டருக்கு குடுக்குறானா. கடைசி பதினஞ்சு நிமிஷத்துல எத்தன கோல் விடுறோம், ஏன்னா புது டீம்ல ஸ்டாமினா போற இடம் அதுதான், எழுபத்தஞ்சு நிமிஷம் வரைக்கும் சமமா ஆடிட்டு அப்புறம் வரிசையா மூணு விடுவாங்க. நல்ல டச், நல்ல மனசு, ஒத்துமை மாதிரி எழுதாதீங்க, அத யாரும் எண்ண முடியாது.

அந்த எண்ணுற வேலைய அங்கள்ங்ககிட்டயே குடுத்துடுங்க. செந்தூல் பக்கம், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் எல்லாம் அந்தக் காலத்துல பந்து ஆடுனவங்க நிறைய பேர் இருக்காங்க, மலேசியா டீம் கோல் கீப்பர் ஆறுமுகம் கோல் போஸ்ட்ல நின்னத மெர்டேக்கா ஸ்டேடியத்துல நேர்ல பாத்தவங்க, அவங்க கண்ணு சும்மா இல்ல. கையில பேனாவும் தாளும் குடுத்து, அங்கள், இந்தப் பக்கம் விங்ல எத்தன தடவ பந்த திரும்பப் புடுங்குறாங்கன்னு மட்டும் எனக்கு எண்ணிச் சொல்றீங்களான்னு கேளுங்க. 4க்கு 0 தோத்த மேட்ச் முடிஞ்சதும் அவரு திட்ட வர மாட்டாரு, தம்பி முதல் பாதியில ஒம்பது, ரெண்டாவது பாதியில மூணுதான்னு சொல்லிட்டு ஏன்னு உங்களையே கேப்பாரு. அந்தக் கேள்விக்கு உங்களால பதில் சொல்ல முடியும், ஏன் தோத்தோம்ங்கற கேள்விக்கு முடியாது. சப்போட்டர் கோவப்படுறதே பாக்குறதுக்கு ஸ்கோரத் தவிர வேற ஒண்ணும் இல்லாததாலதான்.

கேள்வி எப்படி வரும்னு முன்னாடியே பேசிப் பழகிக்கங்க. "தம்பி, போன வருஷம் செமி வரைக்கும் போனோமே, இப்ப என்னாச்சு?" இது கண்டிப்பா வரும். "அங்கள், அந்த செமி ஆடுன பதினோரு பேர்ல இப்ப இருக்குறது மூணு பேருதான், மிச்சவங்க படிச்சு முடிச்சிட்டாங்க, அது நமக்குப் பெருமைதானே. இந்த வருஷம் செமி வராது, நான் வரும்னு சொல்ல மாட்டேன். ஆனா பதினெட்டு வயசுப் பையன் நாலு பேர் முழு மேட்ச் ஆடப் போறாங்க, அவங்களப் பாருங்க." இந்த அளவுக்கு நேரா சொல்லலாம். வராதுன்னு சொல்றதுக்கு நிறைய கோச்சுங்க பயப்படுறாங்க, ஆனா சப்போட்டர்ஸுக்கு ஏற்கனவே பாதி தெரியும், உங்க வாயால கேட்டா அவங்களுக்கு உங்க மேல நம்பிக்கதான் வரும்.

இன்னொரு கேள்வி இருக்கு, அது மாமாக் கடையில தனியா உக்காந்திருக்கும்போதுதான் மெதுவா வரும், "ஏன் நம்ம பசங்கள ஏத்த மாட்டேங்குறீங்க?" அல்லது சொந்தக்காரர் மாதிரி உரிமையா, "நீ நம்ம ஆளு, நீயே செய்யலன்னா யாரு செய்வா?" இதத் தட்டிக் கழிக்காதீங்க, சிரிச்சிட்டும் விடாதீங்க, அந்தக் கேள்விக்குப் பின்னாடி எத்தனையோ வருஷ வலி இருக்கு. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வச்சிருக்கேன்னு எடுத்துக் காட்டுங்க, பயிற்சிக்கு எத்தன நாள் வந்தான், பீப் டெஸ்ட்ல (பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி ஓடுற ஸ்டாமினா டெஸ்ட்) எந்த லெவல், பொசிஷனுக்கு என்ன வேணும். அந்த அளவுகோல சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே மூணு மொழிக்காரப் பசங்களுக்கும் ஒட்டி வச்சிருந்தீங்கன்னாதான் இப்ப காட்ட முடியும். நம்ம பையன் ஒருத்தன் ரிசர்வ்ல இருந்தா அவன் எதுல குறையுதுங்கறத அவங்கிட்டயும் அவன் அப்பாகிட்டயும் மட்டும் சொல்லுங்க, மேட்ச் நடக்குற நாள்ல வேண்டாம், மறுநாள் தனியா.

கூட்டத்துல சொல்லவே கூடாதது கொஞ்சம் இருக்கு. பழைய கோச்சக் குறை சொல்றது முதல்ல, இப்ப இருக்குற ரெண்டாவது வருஷப் பசங்க அவரு கூட்டிட்டு வந்தவங்க, அதுவுமில்லாம உங்க முன்னாடி உக்காந்திருக்குறவங்க பாதி பேர் அவரோட டீ குடிச்சவங்க. எந்தப் பையன் தப்பால கோல் போச்சுன்னு பேர் சொல்லக்கூடாது. யாருக்கு என்ன அடி, யாரு பரீட்சையில ஃபெயில், யாரு வீட்ல என்ன கஷ்டம், பார்ட்டைம் வேலைக்குப் போறதால யாரு பயிற்சிக்கு வரல, இதெல்லாம் உங்களோட இருக்கட்டும். "அவன் கிடைக்க மாட்டான், அவ்வளவுதான்" போதும்.

பெரிய தோல்வி வரும்போது அன்னைக்கு ரெண்டு வாக்கியம் போதும்: வந்ததுக்கு நன்றி, சொன்ன மூணுல ஒண்ணு நடந்துச்சு ரெண்டு நடக்கல. மிச்சத்த ரெண்டு நாள் கழிச்சுப் பேசுங்க. யாராவது இதோட முடிஞ்சதுன்னு சொன்னா அவங்களே பாத்த ஒண்ண ஞாபகப்படுத்தலாம், 2010 டிசம்பர், ஏ.எஃப்.எஃப் கப் (தென்கிழக்காசிய நாடுகளோட ஃபுட்பால் போட்டி), நம்ம கே. ராஜகோபால் கோச்சா இருந்த மலேசியா டீம், முதல் மேட்சே ஜகார்த்தாவுல இந்தோனேசியாகிட்ட 5க்கு 1. அந்த டீம்ல நிறைய பேர் அதுக்கு முந்தின வருஷம் லாவோஸ்ல நடந்த சீ கேம்ஸ்ல (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) 20 வருஷம் கழிச்சு தங்கம் எடுத்த இளம் பசங்க, அவரு அவங்களதான் நம்பி வச்சிருந்தாரு. அதே மாசம் 26ம் தேதி புக்கிட் ஜாலில்ல ஃபைனல் முதல் ஆட்டத்துல அதே இந்தோனேசியாவ 3க்கு 0, ஜகார்த்தாவுல 2க்கு 1 தோத்தாலும் மொத்தத்துல 4க்கு 2, கப் நம்மளோடது. ஆனா இதச் சொல்லிட்டு நாமளும் கப் அடிப்போம்னு முடிச்சிடாதீங்க, அஞ்சு வாங்குன பசங்கள அவரு தூக்கிப் போடலங்கற வரைக்கும் சொன்னா போதும்.

காசு விஷயம் சுருக்கமா: ஜெர்சிக்கோ பஸ்ஸுக்கோ யாராவது வெள்ளி (ரிங்கிட்) குடுத்திருந்தா எதுக்கு எவ்வளவு போச்சுன்னு அதே தாள் பின்பக்கத்துல எழுதிக் காட்டிடுங்க, மிச்சம் இருந்தா அதையும். குடுத்தவர் மகன் டீம்ல இருந்தா ரெட்டிப்பு கவனம்.

நோன்பு மாசத்துல பயிற்சி ராத்திரிக்கு மாறிடும், தைப்பூசம், சீனப் பெருநாள்னு பாதிப் பசங்க ஊருக்குப் போயிடுவாங்க, அந்த வாரங்கள்ல ரிசல்ட் ஆடும், அதையும் முதல் கூட்டத்துலயே காலண்டர வச்சு காட்டிடுங்க.

செமஸ்டர் முடிஞ்சதும் திரும்ப அதே ஆளுங்களக் கூப்பிடுங்க, வராதவங்களுக்கு நீங்களே போன் போடுங்க. அதே பழைய தாள எடுத்துட்டுப் போங்க, புதுசா அடிக்காதீங்க. மூணுல எது நடந்துச்சு, எது நடக்கல, எண்ணுன அங்களையே எந்திரிச்சு நம்பர் சொல்ல விடுங்க. முடிச்சிட்டுப் போற பசங்க பேர ஒவ்வொண்ணா சொல்லி, எங்க வேலைக்கோ மேல்படிப்புக்கோ போறான்னு அவனையே பேச விடுங்க, அப்புறம் அடுத்த செமஸ்டருக்கான மூணு விஷயம், அடுத்த கூட்டத்தோட தேதி.