வண்டி ஹீட் ஆகுதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

ஏப்ரல், மே வந்துட்டா சேலத்துல இருந்து தருமபுரி வர்ற வழில தொப்பூர் கணவாய் ஏத்தத்துல பானெட்ட தூக்கி வெச்சுட்டு ஓரமா நிக்கிற கார்ங்கள பாக்கலாம். அதுல நிறைய பேரு ஒர்க்‌ஷாப்புக்கு போய் "வண்டி ஹீட் ஆகுதுண்ணா"ன்னு மட்டும் சொல்லி விட்டுட்டு வந்துடுறாங்க, அங்க முதல்ல தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடுற வால்வு) மாத்துவாங்க, சரியாகலன்னா ரேடியேட்டர், அதுக்கப்புறம் வாட்டர் பாடி (எஞ்சின்ல தண்ணிய சுத்த விடுற பம்ப்), இப்படியே ஒவ்வொண்ணா போய் கடைசில பாத்தா ஃபேன் ரிலே (ஃபேனுக்கு கரண்ட் விடுற சின்ன சுவிட்ச்) தான் போயிருக்கும். எப்ப, எங்க ஹீட் ஆகுதுன்னு கவனிக்காம விடுறது தான் இருக்கறதுலயே அதிகமா காசு போற தப்பு.

தருமபுரி நாலு ரோட்டு டிராபிக்லயோ கிருஷ்ணகிரி டோல்கேட் க்யூவுலயோ நிக்கும்போது டேஷ்போர்டுல டெம்பரேச்சர் ஊசி ஏறி, ஹைவேல வேகம் எடுத்ததும் இறங்கிடுச்சுன்னா சந்தேகம் முதல்ல ஃபேன் மேல தான் வரணும், ஏன்னா வண்டி ஓடும்போது காத்து தானா உள்ள வருது, நிக்கும்போது ஃபேன் தான் இழுக்கணும். ஏசி போட்டுட்டு இறங்கி பாருங்க, பெரும்பாலான கார்ல கொஞ்ச நேரத்துல ஃபேன் சுத்தணும். சுத்தவே இல்லன்னா ஃப்யூஸ், ரிலே, மோட்டார் இந்த வரிசைல பாருங்க, மலிவானது முதல்ல. ஏசி போட்டா சுத்துது, ஆனா ஏசி இல்லாம ஊசி ஏறினாலும் சுத்த மாட்டேங்குதுன்னா மோட்டார் நல்லா தான் இருக்கு, சென்சார், ஒயரிங் பக்கம் போங்க. (பெல்ட்ல ஃபேன் ஓடுற பழைய ஜீப் டைப் வண்டிக்கு இது பொருந்தாது.)

இதுக்கு நேர் எதிரா, ஊருக்குள்ள ஒண்ணும் இல்ல, தொப்பூர் ஏறும்போதோ ஓசூர் போற வழில மேலுமலை ஏத்தத்துலயோ தான் ஹீட் ஆகுதுன்னா பெரும்பாலும் கூலன்ட் (எஞ்சின் சூட்ட எடுத்துட்டு போற திரவம்) போதுமான அளவு ஓடலன்னு அர்த்தம். ரேடியேட்டர் உள்ள அடைப்பு, பாதி மட்டும் திறக்கிற தெர்மோஸ்டாட், தேஞ்ச வாட்டர் பாடி, இந்த மூணுல ஒண்ணு. அதுக்கு முன்னாடி ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சு பாருங்க, மண்ணும் பூச்சியும் சேந்து காத்தே போகாம இருக்கும், மெதுவான பிரஷர்ல தண்ணி அடிச்சு கழுவினாலே சில வண்டி சரியாயிடும்.

காலைல ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே ஊசி மேல போயிடுச்சுன்னா கூலன்ட் கம்மியா இருக்கும், இல்ல ஏர்லாக் (கூலன்ட் போற வழில காத்து மாட்டிக்கிறது), இல்ல தெர்மோஸ்டாட் மூடின வாக்குல மாட்டிக்கிச்சு.

தெர்மோஸ்டாட் பத்தி சொல்லியே ஆகணும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு"ன்னு கழட்டி தூக்கி போடுற பழக்கம் இன்னும் இருக்கு, தயவுசெஞ்சு இத செய்ய விடாதீங்க. பொதுவா 82ல இருந்து 90 டிகிரி வாக்குல திறக்கிற வால்வு அது, எஞ்சின் சீக்கிரம் சூடாகி அந்த அளவுலயே நிக்கணும்னு தான் வெச்சிருக்காங்க. அத எடுத்துட்டா எஞ்சின் எப்பவும் அரைச்சூட்டுல ஓடும், கம்ப்யூட்டர் இன்னும் வார்ம் ஆகலன்னு நினைச்சு பெட்ரோல அதிகமா ஊத்தும், மைலேஜ் போகும், ஆயில் சீக்கிரம் கெடும். அத விட மோசம், உண்மையான கோளாறு மறைஞ்சுடும்.

அடுத்தது தண்ணி. தருமபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் போர் தண்ணி எப்படின்னு சொல்லவே வேணாம், ஃப்ளோரைடு பிரச்சனைக்காக தான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு. ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும், ரேடியேட்டருக்கு எதிரி தண்ணில இருக்கிற கால்சியம், மெக்னீசியம் உப்பு, சூட்டுல அது பிரிஞ்சு மெல்லிசான ட்யூப்ல படிஞ்சுக்கும். அவசரத்துக்கு ஊத்தினா பரவால்ல, அதோட விட்டுடாதீங்க, ஃப்ளஷ் பண்ணி பாதி கூலன்ட் பாதி டிஸ்டில்டு வாட்டர்னு போடுங்க, ஏற்கனவே தண்ணி கலந்து வர்ற ரெடிமிக்ஸ் வாங்கினா அப்படியே ஊத்துங்க. பச்சை, சிவப்பு, பிங்க்னு கலர் பாத்து வாங்காதீங்க, கம்பெனிக்கு கம்பெனி கலர் மாறும், மேனுவல்ல எந்த டைப்னு போட்டிருக்கோ அத தான் பாக்கணும், ரெண்டு டைப் கலந்தா சில சமயம் உள்ள சேறு மாதிரி ஆயிடும். லீக்க அடைக்க மஞ்சத்தூள் போடுறதும், கடைல விக்கிற லீக் ஸ்டாப் போடுறதும் அதே கதை தான், ஓட்டைய மட்டும் தேடிப்போய் அடைக்கிற அளவுக்கு அதுக்கு அறிவு கிடையாது, நல்ல ட்யூபையும் ஹீட்டர் கோரையும் (கார் உள்ள சூடு காத்து தர்ற குட்டி ரேடியேட்டர்) சேத்து அடைச்சுடும்.

ரேடியேட்டர் மூடிய யாரும் கண்டுக்கறதே இல்ல. குக்கர்ல வெயிட் செய்ற வேலைய தான் ரேடியேட்டர் மூடி செய்யுது, சுமார் 1 பார் பிரஷர் பிடிச்சு வெச்சா தண்ணியே 120 டிகிரி கிட்ட போனா தான் கொதிக்கும். ரப்பர் போன மூடி இருந்தா எல்லாம் நல்லா இருந்தும் வண்டி கொதிக்கும், வண்டி ஆறினதும் மேல் ஹோஸ் ஒட்டிப்போய் சப்பையா இருந்தா மூடி வால்வு மேல சந்தேகப்படலாம். இதே பிரஷரால தான் சூடா இருக்கும்போது மூடிய திறக்கவே கூடாதுங்கிறது, கொதிநீர் அப்படியே மூஞ்சில பீச்சும். எஞ்சின ஆஃப் பண்ணி அரை மணி நேரமாவது ஆற விடுங்க, சூட்டுல பச்சத்தண்ணி ஊத்தினா எஞ்சினோட மேல்பாகமான ஹெட்ல கிராக் விழலாம்.

ஊசி மேல போயிட்டு திடீர்னு இறங்கினா நிம்மதி ஆயிடாதீங்க. கூலன்ட் காலியாகி சென்சார் வெறும் காத்துல நின்னாலும் ஊசி இறங்கும், அந்த நேரத்துல ஹீட்டர் போட்டு பச்சக்காத்து வந்துச்சுன்னா உள்ள கூலன்ட் இல்ல, உடனே ஓரங்கட்டுங்க.

வெளிய ஒரு சொட்டு லீக் இல்ல, ஆனா கூலன்ட் குறைஞ்சுட்டே இருக்குன்னா பாசஞ்சர் பக்கம் கார்பெட் ஈரமா இருக்கான்னு தடவி பாருங்க, இருந்தா ஹீட்டர் கோர். அதுவும் இல்லாம எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை, ஆயில் பால் டீ கலர், ரிசர்வாயர்ல விடாம குமிழின்னு வந்தா ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற சீல்) போயிருக்கலாம். இதையும் யூகத்துல பிரிக்க விடாதீங்க, நீலக் கலர் திரவம் வெச்சு ஒரு டெஸ்ட் இருக்கு, எக்ஸாஸ்ட் கேஸ் கூலன்ட்ல கலந்திருந்தா அது மஞ்சளா மாறும். அத பண்ணிட்டு ஹெட்ட இறக்க சொல்லுங்க, இறக்கினா லேத்ல குடுத்து ஹெட் வளைஞ்சிருக்கான்னு பாக்காம புது கேஸ்கெட் மாட்ட விடாதீங்க, வளைஞ்ச ஹெட்ல மாட்டின கேஸ்கெட் அடுத்த ஏத்தத்துலயே மறுபடி போயிடும்.