அலாஸ்காவில் தங்கம் அரிக்க முதல் பயணம்: எங்கிருந்து தொடங்குவது?

தங்கம் தேடிப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எங்கே கிடைக்கும்?" என்றுதான். அலாஸ்காவைப் பொறுத்தவரை அதற்கு விடை சொல்வது எளிது. ஃபீலிக்ஸ் பெட்ரோ என்ற இத்தாலியர் 1902இல் ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே ஓர் ஓடையில் தங்கம் கண்டார். ஆற்றங்கரையில் ஒரு கடையாக இருந்த ஃபேர்பேங்க்ஸ் அந்தச் செய்தியால்தான் நகரமானது. இன்றும் சுற்றுவட்டார ஓடைகளில் பொறுமையாக அரித்தால் துகள் கண்ணில் படும். முதல் பயணத்தைக் கெடுப்பது வேறொரு கேள்வி. நீங்கள் தோண்டப் போகிற நிலம் யாருடையது? இதற்கு விடை தெரியாமல் டிக்கெட் வாங்காதீர்கள் என்பதுதான் என்னிடம் கேட்கும் எல்லோருக்கும் நான் சொல்வது. ஆகவே திட்டத்தை அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்

அலாஸ்காவில் ஆளே இல்லாத ஓடைக்கும் பெரும்பாலும் உரிமையாளர் உண்டு. மத்திய அரசு நிலம், மாநில அரசு நிலம், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பூர்வகுடி மக்களின் நிறுவனங்களுக்குக் கிடைத்த நிலம், தனியார் நிலம் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அரசு நிலமாகவே இருந்தாலும், அதன் கனிமத்தை எடுக்கும் உரிமையை யாராவது பதிவு செய்து வைத்திருக்கலாம். இதைத்தான் அங்கே 'கிளெய்ம்' என்கிறார்கள். கிளெய்மின் மூலைகளில் கம்பம் நட்டு அறிவிப்பு வைத்திருப்பார்கள். ஆனால் புதருக்குள் சாய்ந்து கிடக்கும் கம்பம் உங்கள் கண்ணில் படாமல் போகலாம். இன்னொருவரின் கிளெய்மில் ஒரு தட்டு மண்ணை அரித்தாலும் அது அத்துமீறல். அதில் வரும் தங்கம் அவருடையது. மாநிலத்தின் இயற்கை வளத் துறை கிளெய்ம் வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றைப் படிக்கப் பழகுவது நல்லதுதான், ஆனாலும் முதல் பயணத்துக்கு அந்தத் தலைவலி வேண்டாம். பொதுமக்களுக்கென்று திறந்துவிட்ட இடத்துக்கே போங்கள்.

என் பரிந்துரை நோம் கிரீக். ஃபேர்பேங்க்ஸிலிருந்து ஸ்டீஸ் நெடுஞ்சாலையில் 57ஆவது மைல்வரை, அதாவது சுமார் 92 கிலோமீட்டர் போய், யு.எஸ். கிரீக் என்ற சரளைச் சாலையில் திரும்ப வேண்டும். அந்தச் சாலை மலைமுகட்டைக் கடந்து நோம் கிரீக் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. ஒயிட் மவுண்டன்ஸ் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியைச் சேர்ந்த இடம் இது. மத்திய அரசின் நில மேலாண்மை அலுவலகம், அங்கே எல்லோரும் பி.எல்.எம். என்று சொல்வது, இதை நிர்வகிக்கிறது. ஓடையின் ஒரு பகுதியைப் பொழுதுபோக்காகத் தங்கம் அரிப்பவர்களுக்கென்றே அது ஒதுக்கியிருக்கிறது. மேல்பக்கம் மவுண்ட் பிரிண்டில், கீழ்ப்பக்கம் ஓஃபிர் கிரீக் என்று இரண்டு முகாம் மைதானங்கள் உண்டு. பெயரில் ஏமாந்துவிடாதீர்கள்: நோம் என்ற நகரம் வேறு. அது பல நூறு கிலோமீட்டர் தள்ளி மேற்குக் கடற்கரையில், சாலைத் தொடர்பே இல்லாமல் இருக்கிறது.

ஒதுக்கிய பகுதியில் மண்வெட்டி, தட்டு, ஸ்லூஸ் பெட்டி (ஓடும் நீரில் வைத்து மண்ணைக் கழுவித் தங்கத்தைப் பிடிக்கும் நீளப் பெட்டி) போன்ற கையால் இயக்கும் கருவிகள் போதும். மோட்டார் வைத்த எதையும் கொண்டுபோகாதீர்கள். புல்லும் புதரும் வளர்ந்த கரையை வெட்டக் கூடாது. செடி இல்லாத சரளைத் திட்டுகளிலும் நீர் ஓடும் படுகையிலும் வேலை செய்யுங்கள். எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஃபேர்பேங்க்ஸிலுள்ள பி.எல்.எம். அலுவலகத்தில் நேரில் கேட்டு, துண்டறிக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். நோம் கிரீக் போய்ச் சேரும் பீவர் கிரீக் பாதுகாக்கப்பட்ட தேசியக் காட்டாறு. கீழ்நோக்கி நடந்துகொண்டே போய் "இங்கேயும் ஒரு தட்டு பார்ப்போமே" என்று மண்வெட்டியை இறக்கிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: நாளைக் குறியுங்கள்

ஜூன் பின்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதிவரை நல்ல காலம். அதற்கு முன்னால் பனி உருகிய வெள்ளம் ஓடையை நிறைத்திருக்கும், மண்ணும் இளகியிருக்காது. செப்டம்பரில் மேட்டுப் பகுதிகளில் பனி விழத் தொடங்கும். ஃபேர்பேங்க்ஸில் ஜூன் 21ஐ ஒட்டி ஏறக்குறைய 22 மணி நேரம் சூரியன் இருக்கும். இரவே வராததால் நேரம் போவது தெரியாமல் பதினாறு மணி நேரம் தண்ணீரில் நிற்பவர்கள் உண்டு. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள், கடிகாரத்தைப் பார்த்துத் தூங்குங்கள்.

முதல் பயணத்துக்கு ஐந்து நாள் போதும். ஒரு நாள் ஃபேர்பேங்க்ஸில் அலுவலகமும் கடைகளும், ஒரு நாள் நகரத்துக்கு அருகே பயிற்சி, மூன்று நாள் ஓடையில். பயிற்சி நாளுக்கு கோல்டு டிரெட்ஜ் 8 நல்ல இடம். 1928இல் தொடங்கி 1959வரை மண்ணைத் தூர்வாரித் தங்கம் எடுத்த மாபெரும் மிதவை இயந்திரம் அது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களின் கையில் தங்கத் துகள் கலந்த மண் பையைக் கொடுத்து அரிக்கக் கற்றுத் தருகிறார்கள். கண்ணுக்குத் தங்கத்தின் உண்மையான நிறம் பழகிவிடும். அதற்காகவே அங்கே போகலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கனடா வழியாகக் காரில் வருவதானால் இரண்டு நாட்டு விசாவையும் முன்கூட்டியே பாருங்கள்.

மூன்றாம் படி: புறப்படும் முன் அரிக்கப் பழகுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு வந்தால் முதல் நாள் முழுவதும் தங்கத்தை ஓடைக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். அரிசியில் கல் அரிக்கிற அதே தத்துவம்தான். கனமானது அடியில் தங்கும், லேசானது நீரோடு போகும். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். இந்த இடைவெளிதான் நம் முழு மூலதனம்.

14 அங்குல விட்டமுள்ள பச்சை நிறப் பிளாஸ்டிக் தட்டு வாங்குங்கள். பச்சைப் பின்னணியில் கருமணலும் தங்கமும் தெளிவாகத் தெரியும். சின்ன ஈயக் குண்டுகள் பத்தை எடுத்துச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, ஒரு தட்டு மண்ணில் கலந்துவிடுங்கள். பெரிய தொட்டி நீரில் வைத்து அரித்து, கடைசியில் எத்தனை மிஞ்சுகிறது என்று எண்ணுங்கள். முதல் தடவை எனக்கு ஆறுதான் மிஞ்சியது. ஈயம் தண்ணீரைப்போல் 11 மடங்குதான் கனம், அதாவது தங்கத்தைவிட லேசானது. பத்து ஈயத் தகடும் தொடர்ந்து மூன்று தடவை தட்டில் நின்றால், ஓடையில் தங்கத்தை விட்டுவிட மாட்டீர்கள் என்று நம்பலாம். பழகி முடித்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள், ஈயம் நஞ்சு.

அரிக்கும் முறை இது. தட்டில் முக்கால்வாசி மண் போட்டு முழுவதும் நீருக்குள் அமிழ்த்துங்கள். களிமண் கட்டிகளைக் கையால் பிசைந்து கரையுங்கள். களிமண் உருண்டை துகளை ஒட்டிக்கொண்டு போய்விடும். பெரிய கற்களைக் கழுவி எறியுங்கள். இப்போது தட்டைச் சமமாகப் பிடித்து இடமும் வலமுமாக வேகமாகக் குலுக்குங்கள். இந்தக் குலுக்கலில்தான் தங்கம் அடிக்கு இறங்குகிறது, ஆகவே இதில் அவசரம் கூடாது. பிறகு வரிப்பள்ளங்கள் உள்ள பக்கத்தை எதிரே தாழ்த்தி, நீரை முன்னும் பின்னும் அலைய விட்டு மேல் அடுக்கை மட்டும் வழிய விடுங்கள். நாலைந்து அலைக்கு ஒருமுறை மறுபடி சமமாக்கிக் குலுக்குங்கள். குலுக்கு, வழியவிடு, குலுக்கு. கடைசியில் ஒரு கரண்டி கருமணல் நிற்கும். அதில் கொஞ்சம் நீர் விட்டு மெதுவாகச் சுழற்றினால் கருமணல் விசிறிபோல் விரியும். அதன் வாலில் மஞ்சள் நிற்கும்.

நான்காம் படி: எதை எங்கே வாங்குவது

தட்டு, கைமண்வெட்டி, அரை அங்குலச் சல்லடை, வாளி, துகளை இழுக்கும் உறிஞ்சு குப்பி, மூடியுள்ள சிறு குப்பிகள், பாறை இடுக்கைச் சுரண்ட வளைந்த கம்பி. இவ்வளவுதான். ஸ்லூஸ் பெட்டியை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தங்கம் இருக்கிறது என்று தெரியாமல் அதை வைத்தால் வெறும் சரளையைத்தான் வேகமாகக் கழுவும்.

கரடி ஸ்பிரேயையும் (கரடியை விரட்டும் மிளகாய்த் தெளிப்பான்) அடுப்புக்கான கேஸ் குப்பியையும் விமானத்தில் ஏற்ற முடியாது, பெட்டியிலும் சரி, கையிலும் சரி. இரண்டையும் ஃபேர்பேங்க்ஸில் இறங்கி வாங்குங்கள். கொசுவலைத் தொப்பி, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ், தடித்த ரப்பர் கையுறை, கம்பளி உள்ளாடை ஆகியவற்றில் சிக்கனம் பார்க்காதீர்கள். அந்த நீரில் கையுறை இல்லாமல் கொஞ்ச நேரம் அரித்தாலே விரல் மரத்து, குப்பியின் மூடியைத் திருக முடியாமல் போகும். பருத்தி ஆடை நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். கால்சட்டைகூடப் பருத்தியில் வேண்டாம்.

வாடகைக் கார் எடுக்கும்போது ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். சரளைச் சாலையில் ஓட்டக் கூடாது என்று பல நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. நான் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, யு.எஸ். கிரீக் திருப்பத்தில் காரை நிறுத்தி உட்கார்ந்து படித்தேன். திரும்பி வந்து வேறு வண்டி தேடியதில் முழுதாக ஒரு நாள் போயிற்று. சரளைச் சாலைக்கு அனுமதி தரும் நிறுவனத்தை முன்பே கண்டுபிடித்து, முழு அளவு மாற்று டயர் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பெட்ரோலை ஃபேர்பேங்க்ஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்

பள்ளத்தாக்கில் கைபேசி வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். எந்த முகாம், எந்த வண்டி, எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அதற்கு மேல் எத்தனை மணி நேரம் காத்திருந்து உதவி கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி நம்பகமானவரிடம் கொடுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

உணவு, பற்பசை, சோப்பு உட்பட மணமுள்ள எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கரடி புகாத பெட்டியிலோ பூட்டிய காரிலோ வையுங்கள். ஓடையின் சத்தத்தில் நீங்கள் வருவது விலங்குக்குக் கேட்காது, குனிந்து அரிக்கும் உங்களுக்கும் அது வருவது கேட்காது. ஒருவர் அரிக்கும்போது மற்றவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஸ்பிரே இடுப்பில் இருக்க வேண்டும், பைக்குள் இருந்து பயனில்லை. கன்றோடு நிற்கும் மூஸ் மானையும் கரடியைப்போலவே மதியுங்கள். ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

ஆறாம் படி: ஓடையில் முதல் நாள்

வந்ததும் தோண்டாதீர்கள். அரை மணி நேரம் ஓடையோரம் நடந்து நீர் எங்கே வேகம் குறைகிறது என்று பாருங்கள். வெள்ளம் வரும்போது தங்கமும் உருளும். வேகம் தளர்ந்த இடத்தில் விழும். வளைவின் உட்பக்கச் சரளைத் திட்டு, பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கம், அடிப்பாறை மேலே தெரிகிற இடத்தில் அதன் இடுக்குகள் எல்லாம் தேட வேண்டியவை. கெட்டியான களிமண் அடுக்கும் அடிப்பாறைபோலத் தங்கத்தைத் தாங்கி நிறுத்தும். அதன் மேற்பரப்பைச் சுரண்டி எடுங்கள்.

ஒரே இடத்தில் பெருங்குழி வெட்டுவது தொடக்கக்காரர்களின் வழக்கம். பத்து இடத்தில் இரண்டிரண்டு தட்டு அரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை துகள் வந்தது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். அங்கே துகளைக் 'கலர்' என்பார்கள். "பெரிய பாறை, கீழ்ப்பக்கம், முழங்கை ஆழம், 3 கலர்" என்று என் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. அதற்கு முந்தைய ஏழு வரியிலும் பூஜ்யம். மீதி இரண்டு நாளும் அந்தப் பாறையைச் சுற்றியே வேலை செய்தோம். மூன்று நாளில் குப்பியின் அடியில் மிளகளவுகூடச் சேரவில்லை, ஆனாலும் வெயிலில் பிடித்துப் பார்த்த அந்த நிமிடத்துக்காக நான் மறுபடி போனேன்.

மினுங்குவதெல்லாம் தங்கமா என்ற சந்தேகம் வந்தால் தட்டை நிழலுக்குத் திருப்புங்கள். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும். மைக்கா கோணம் மாறினால் அணைந்துவிடும், நீரில் மிதந்து அலையும். ஊசி முனையால் அழுத்தினால் தங்கம் பள்ளம் விழும், தங்கம்போல் மினுங்கும் பைரைட் என்ற கனிமம் நொறுங்கும்.

துகள் வெள்ளி நிறமாக இருந்தால் கவனம் தேவை. பழைய சுரங்கக்காரர்கள் தங்கத்தைப் பிடிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அது இன்னும் சில ஓடைகளில் கிடக்கிறது. அப்படிப்பட்டதைக் கையால் தொடாதீர்கள், எந்தக் காரணத்துக்காகவும் சூடாக்காதீர்கள். ஆவி நுரையீரலுக்குப் போகும். தனிக் குப்பியில் மூடி வைத்து ஃபேர்பேங்க்ஸில் அதிகாரிகளிடம் கேளுங்கள்.

மாலையில் முகாமுக்குத் திரும்பும் முன் வெட்டிய குழிகளை மூடுங்கள். மேலே மழை பெய்திருந்தால் ஓடை கலங்கி ஏறும். நீர்மட்டத்தில் ஒரு கல்லை வைத்து அவ்வப்போது பாருங்கள். கல் மூழ்கினால் கருவிகளை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள்.

கருமணலை ஓடையிலேயே கடைசிவரை பிரிக்க முயல வேண்டாம். ஒரு டப்பாவில் சேர்த்து எடுத்து வாருங்கள். அறையில் காய வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்ட காந்தத்தை மேலாகக் காட்டினால் கருமணலிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புத் தாது எல்லாம் அதில் ஏறிக்கொள்ளும். மிச்சத்தை வெள்ளைத் தாளில் பரப்பி மெல்ல ஊதிப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால், நெடுஞ்சாலையில் சிக்னல் வந்த முதல் இடத்தில் காரை ஓரமாக நிறுத்தி, தாளை வைத்துக்கொண்டு காத்திருப்பவருக்கு வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள்.