அப்பத்தாவின் பரமக்குடிச் சேலையில் பேத்திக்கு ஒரு பாவாடை

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கத்து வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைக் கிளறினால், பரமக்குடியிலோ எமனேசுவரத்திலோ நெய்த நூல் சேலை ஒன்று அநேகமாகக் கிடைக்கும். பெட்டிக்குள் வைத்துக் கும்பிடுவதைவிடப் பேத்தி உடுத்துவதுதான் அதற்கு மரியாதை என்பது என் கட்சி.

முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். பழைய கஞ்சி போனால்தான் துணியின் பலம் தெரியும். பிறகு சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தரையில் உரசிய கீழ்க்கரை நைந்திருக்கும்; இடுப்பில் செருகிய உள்தலைப்பின் மேல்கரை பெரும்பாலும் தெம்பாக இருக்கும். அதையே பாவாடையின் அடிக்கரையாக்குங்கள். அப்பத்தா இழையோட்டித் தைத்த கிழிசல் இருந்தால் மறைக்க வேண்டாம். அது முன்பக்கம் வந்தாலும் எனக்குச் சம்மதமே. முந்தானையை இப்போது தொடாதீர்கள்.

இடுப்பு 22 அங்குலம், நீளம் 24 அங்குலம் உள்ள குழந்தைக்குச் சேலையின் நீளவாட்டில் 2 மீட்டர் போதும். உயரத்துக்கு, கரை ஓரத்திலிருந்து 29½ அங்குலம்: பாவாடைக்கு 24, இரண்டு டக்குகளுக்கு (மடித்துத் தைக்கும் மடிப்புகளுக்கு) 4, நாடாப் பட்டிக்கு 1½. வெட்டும் இடத்தில் ஓர் இழையை மெல்ல உருவினால் நேர்கோடு தெரியும். பழைய துணியைக் கிழித்துப் பிரிப்பது ஆபத்து.

முதலில் இரு பக்க ஓரங்களையும் சேர்த்துத் தையுங்கள். மேலே 3 அங்குலம் திறந்திருக்கட்டும். பிறகு கரைக்குச் சற்று மேலே, சுற்றிலும் டக் பிடியுங்கள். துணியை மடித்து, மடிப்பிலிருந்து 1 அங்குலம் தள்ளி ஓட்டுத்தையல் போட்டால் ஒரு டக். அதற்கு மேலே இன்னொன்று. மேலே 3 அங்குலம் திறந்திருக்கட்டும். அடுத்து, மேலே விட்ட திறப்பின் ஓரங்களை மடித்துத் தைத்தபின், மேல்விளிம்பை அரை அங்குலம் ஒருமுறை, 1 அங்குலம் மறுமுறை மடித்துத் தைத்து நாடா கோத்துவிடுங்கள். அடிக்கரை தறியிலேயே முடிந்துவிட்டதால் அங்கே தையல் வேலை இல்லை. மெஷினில் தைப்பவர்கள் 11ஆம் எண் ஊசி போடுங்கள். தடித்த ஊசி மெல்லிய நூல் துணியில் ஓட்டை போட்டுவிடும்.

குண்டூசியை இரவு முழுக்கத் துணியில் விட்டுவிடாதீர்கள். நம் உப்புக் காற்றுக்கு அது துருவேறிக் கறை வைக்கும்.

டக் தையலை மட்டும் சற்றுப் பெரிதாகவும் தளர்வாகவும் போடுங்கள். குழந்தை வளர்ந்ததும் நாலைந்து தையலுக்கு ஒருமுறை நூலை நறுக்கி உருவினால் ஒரு டக்குக்கு 2 அங்குலம் நீளம் கூடும். வெயில் படாத அந்தப் பட்டை சற்று அடர்நிறமாகத் தெரியலாம், இரண்டு மூன்று சலவையில் பெரிதாக மாறாது. எனக்கு அது அழகுதான்.