ஸ்காபரோவில் வீடு தேடுகிறீர்களா? கட்டடத்தின் வயதையும் கேளுங்கள்

ரொறன்ரோவில் வந்து இறங்கினால் உறவினர் யாராவது உங்களை நகரின் கிழக்கே உள்ள ஸ்காபரோவுக்குத்தான் கூட்டிப்போவார்கள். சரி, போங்கள், ஆனால் அவர்கள் சொல்லும் வாடகை அவர்கள் வந்த காலத்து வாடகை என்பதை மனதில் வையுங்கள்.

எண்பதுகளில் வந்த எங்கள் ஆட்கள் பலர் முதலில் நகர நடுவில் செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிகளில் இருந்துவிட்டு, பிறகுதான் கிழக்கே ஸ்காபரோவுக்கு நகர்ந்தார்கள். இப்போது இங்கேயும் எக்ளிங்டன் வீதியில் கோல்டன் மைல் பக்கம் பழைய பிளாசாக்களை இடித்துக் கோபுரங்கள் கட்டும் திட்டங்கள் வந்துவிட்டன. பிளாசா என்றால் வெறும் கடைத்தொகுதி இல்லை, கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் ஆப்கான் ரொட்டிக் கடை, அடுத்த கதவு பிலிப்பினோ பேக்கரி என்று எல்லா ஊரும் ஒரே வாகனத் தரிப்பிடத்தைப் பங்குபோடும் இடம். ஒன்ராறியோ மாகாணத்தில் கடை வாடகைக்கு உச்சவரம்பே கிடையாது, அதனால் முதலில் போவது இந்தக் கடைகள்தான். அதே எக்ளிங்டன் வீதியில் மேற்கே, கரீபியன் கடைகள் நிறைந்த லிட்டில் ஜமைக்காவில், 2011இல் தொடங்கிய ரயில் பாதை வேலை இழுத்த இழுப்பில் எத்தனையோ கடைகள் மூடிப்போயின.

உங்கள் வீட்டு விஷயத்தில் ஒரு தேதி முக்கியம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீட்டுக்கு மாகாண அரசு விதிக்கும் ஆண்டு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது. 2026க்கு அந்த வரம்பு 2.1 வீதம், புதுக் கொண்டோவிலோ புதிதாகப் போட்ட பேஸ்மென்டிலோ வீட்டுக்காரர் அதற்கு மேலும் எவ்வளவும் கூட்டலாம். லிப்ட் அடிக்கடி நிற்கும், கரப்பான் வரும், இருந்தாலும் நான் பழைய கட்டடத்தைத்தான் சொல்வேன்.

அப்புறம் படிவங்கள். என்-11இல் கையெழுத்துப் போட்டால் நீங்களாகவே வெளியேறச் சம்மதித்ததாக அர்த்தம், 'சும்மா ஒரு ஃபார்மாலிட்டி தம்பி' என்று வீட்டுக்காரர் தமிழிலேயே சொன்னாலும் போடாதீர்கள். இடிக்கவோ பெரிதாகத் திருத்தவோ என்றால் வருவது என்-13, அதற்குக் குறைந்தது 120 நாள் அவகாசம் தரவேண்டும். அது கட்டளை இல்லை, அறிவித்தல்தான். வெளியேற்றும் உத்தரவை வாடகைத் தீர்ப்பாயம்தான் போடமுடியும். திருத்த வேலைக்காகப் போகிறீர்கள் என்றால், திரும்பி வருவேன் என்று போகும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போனார், இப்போது ரொறன்ரோவுக்கு வெளியே கிழக்கே இருக்கும் ஏஜக்ஸிலிருந்து வேலைக்கு இரண்டு பஸ் மாறி வருகிறார்.